வாழ்க்கைப்பட்ட ஊரில் வாக்காளராவது எப்படி?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், தங்கச்சிமடத்தில் பிறந்து வேதாளையிலோ கீழக்கரையிலோ வாழ்க்கைப்பட்ட பெண்ணின் பெயர், பல ஆண்டுகள் கழிந்தும் பிறந்த வீட்டு வாக்காளர் பட்டியலிலேயே இருந்துவிடுவதுண்டு. தேர்தல் நாளில் அவ்வளவு தூரம் போய்வர முடியாமல் அவருடைய வாக்கு வீணாகிறது.

ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் இடம் மாறியதற்குப் படிவம் 8 கொடுத்தால் போதும். படிவம் 6 முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு மட்டுமே உரியது; ஒருவர் பெயர் இரண்டு ஊர்ப் பட்டியலில் இருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஊரின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரிலோ, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ விண்ணப்பிக்கலாம். ஐயம் இருந்தால் 1950 என்ற எண்ணை அழைக்கலாம்.

மின்கட்டண ரசீது மாமனார் பெயரில் இருக்கிறது, தன் பெயரில் எதுவுமில்லை என்று பலர் தயங்குகிறார்கள். ஆதார் அட்டையில் புதிய முகவரி இருந்தால் அதுவே போதும். இல்லையெனில், அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள கணவர் பெயரிலான வங்கிப் புத்தகத்தையோ ரசீதையோ முகவரிச் சான்றாகக் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது பெயர் எழுதும் கட்டத்தைத்தான். வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்றாகவும், ஞானஸ்நானப் பெயரோ பள்ளிச் சான்றிதழ்ப் பெயரோ வேறாகவும் இருப்பது நம் கரையில் சாதாரணம். ஆதாரில் உள்ள பெயரையே எழுத்து பிசகாமல், அப்பெண்ணே சொல்லச் சொல்ல எழுத வேண்டும். 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்களில் அயலாரிடம் தம் பெயரைச் சொல்லும் வழக்கமில்லாத பெண்கள் பலர், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவாகியிருந்தனர். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றதால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். கணவர் பெயருக்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கிறது; அது உறவைக் குறிக்க மட்டுமே.

இந்த வாக்கு எளிதில் கிடைத்ததல்ல. 1917இல் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழுவொன்று, பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணம், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக அதை வழங்கியது என்றாலும், சொத்துத் தகுதி கேட்ட அந்த உரிமை, கடலில் பாசி எடுத்துப் பிழைத்த ஓலைக்குடிசைப் பெண்ணை எட்டவில்லை. அவருக்கு 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பே வாக்கைத் தந்தது.

விண்ணப்பித்ததும் தரப்படும் எண்ணைக் குறித்து வைத்து, சில வாரங்களில் பட்டியலில் பெயரைச் சரிபார்க்கவும். வாக்குப்பதிவு நாளில் பாசி எடுக்கவோ மீன் விற்கவோ விடியுமுன் போகிறவர்கள், முடிவு நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்நேரத்துக்குள் வரிசையில் நின்றுவிட்டவர் அனைவரும் வாக்களிக்கலாம்.