இரவில் தூரத்து முகம் தெரிய எந்தக் கேமரா வாங்குவது

போன ஆடி அமாவாசைக்கு முதல் நாள் இரவு எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கேபிளுக்குள் இருக்கும் செம்புக் கம்பிக்காகத்தான் அறுக்கிறார்கள். சாளையை, அதாவது தோட்டத்து வீட்டைச் சுற்றி நான்கு கேமரா இருந்ததால், ஆள் கண்டிப்பாகக் கிடைப்பான் என்று நம்பிக்கையோடு பதிவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே ஏட்டு அதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சி எங்கீங்க இருக்குது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். மணி 2:17. தலையில் உருமால் கட்டிய ஒருவன் படலைத் திறந்து உள்ளே வருகிறான். ஒரு நொடி நின்று நேராகக் கேமராவையே பார்க்கிறான். அந்தக் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கினால் கண் இல்லை, மூக்கு இல்லை. மாவு பூசினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் இருக்கிறது. அது ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

கடையில் கேட்டபோது, "எட்டு மெகாபிக்சல் போட்டுக்கலாங்க, எல்லாம் தெரியும்" என்றார்கள். அந்தப் பேச்சை நம்பி வாங்காதீர்கள். மொத்தப் படத்தில் எத்தனை பிக்சல் (படம் உருவாகும் சின்னப் புள்ளி) என்பதைவிட, அந்த ஆள் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதுதான் முக்கியம். இதற்கு அளவே இருக்கிறது. 2014-இல் வந்த ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 62676-4 என்ற தரநிலையின்படி, மீட்டருக்கு 25 பிக்சல் இருந்தால் ஆள் நடமாட்டம் தெரியும். 125 இருந்தால், ஏற்கெனவே பழக்கமானவரை இன்னார் என்று சொல்லலாம். முன்பின் தெரியாதவரின் முகத்தை அடையாளம் காட்ட 250 வேண்டும்.

கணக்கு சுலபம். சென்சாரின் (கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு) அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸில் போட்டிருக்கும் மில்லிமீட்டரால் வகுத்தால், அந்தத் தூரத்தில் கேமரா எத்தனை மீட்டர் அகலத்தைப் பிடிக்கிறது என்று வந்துவிடும். என் பழைய கேமரா நான்கு மெகாபிக்சல், 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். சென்சார் மூன்றில் ஒரு இன்ச் வகை, அதன் அகலம் 4.8 மில்லிமீட்டர். படல் இருந்தது 18 மீட்டரில். 4.8-ஐ 18-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 31 மீட்டர். படத்தின் அகலம் 2560 பிக்சல், ஆக மீட்டருக்கு 83. மனித முகம் சுமார் 16 சென்டிமீட்டர் அகலம். அந்த உருமால்காரன் முகத்துக்கு மொத்தமே 13 பிக்சல்தான் கிடைத்திருக்கிறது. பதிமூன்று புள்ளிக் கோலத்தில் ஒருவர் முகத்தை வரைய முடியுமா?

அகலமாகக் காட்டும் லென்ஸ் ஆள் வந்தாரா, எந்தப் பக்கம் போனார் என்று பார்க்க நல்லது. முகத்துக்கு அது உதவாது. இரண்டு வேலையையும் ஒரே கேமராவிடம் கேட்டால் இரண்டுமே கெடும். பழைய நான்கையும் அப்படியே விட்டுவிட்டு, முகத்துக்கென்று தனியாக ஒன்று வாங்கினேன்.

அதற்கு முன் தோட்டத்தை ஒரு சுற்று நடந்து பார்த்தேன். யாராக இருந்தாலும் கடந்தே ஆகவேண்டிய இடம் எது? எங்களுக்கு இட்டேரியிலிருந்து (இருபுறமும் வேலி உள்ள மண்பாதை) உள்ளே திரும்பும் அந்தப் படல்தான். கேபிள் சுருளைத் தூக்கிக்கொண்டு முள்வேலியைத் தாண்டுவது சிரமம். உங்களுக்கு அது மாடிப்படியாக இருக்கலாம், சந்தாக இருக்கலாம். அந்த ஒரு இடத்தைக் குறி வையுங்கள். முடிந்தால் கேமராவையே அதன் பக்கத்தில் கொண்டுபோங்கள். காசு கொடுத்துத் தூரத்தை வெல்வதைவிட ஒரு கம்பம் நடுவது மலிவு. நான் களத்து ஓரமாக ஒரு இரும்புக் குழாயை நட்டு, தூரத்தை 18-லிருந்து 12 மீட்டராகக் குறைத்தேன்.

இப்போது இருப்பதும் நான்கு மெகாபிக்சல்தான். ஆனால் சென்சார் பெரிது, 1/1.8 இன்ச் வகை, அகலம் சுமார் 7.2 மில்லிமீட்டர். லென்ஸ் கூட்டிக் குறைக்கும் வகை, அதை 12 மில்லிமீட்டரில் நிறுத்தியிருக்கிறேன். 12 மீட்டரில் பிடிக்கும் அகலம் 7.2 மீட்டர், மீட்டருக்கு 355 பிக்சல், முகத்துக்கு சுமார் 57. சென்சார் பெரிதானால் அதே லென்ஸில் பார்வையும் அகலமாகும் என்பதை மறக்காமல் கணக்குப் போடுங்கள். இருந்தாலும் இரவுக்குப் பெரிய சென்சார்தான் வேண்டும். சின்னச் சென்சாரில் எட்டு மெகாபிக்சலைத் திணித்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்து, இருட்டில் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும். லென்ஸில் எஃப் என்று ஒரு எண் இருக்கும், அது சின்னதாக இருக்கட்டும். எஃப் 2.0 லென்ஸைவிட எஃப் 1.0 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

பெட்டியில் "இரவுப் பார்வை 30 மீட்டர்" என்று போட்டிருப்பதை முகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கேமராவில் இருக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு எட்டும் தூரம், அவ்வளவுதான். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். பக்கத்தில் வந்தாலோ முகம் வெளுத்துப் போகும். அகச்சிவப்பில் துணியின் நிறத்தையும் நம்ப முடியாது, கறுப்புச் சட்டை சில சமயம் வெள்ளையாகத் தெரியும். நான் படலுக்கு இந்தப் பக்கம், உள்ளே வருபவர் முகத்தில் விழுகிற மாதிரி ஒரு 15 வாட் எல்இடி விளக்குப் போட்டேன். விளக்கு அவருக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். என் செலவிலேயே அதிகப் பலன் தந்தது இந்த விளக்குதான். கண்ணுக்குத் தெரியும் விளக்கு வேண்டாம் என்பவர்கள் அகச்சிவப்பு விளக்கைக் கேமராவிலிருந்து நாலடி தள்ளித் தனியாக மாட்டுங்கள். பூச்சியும் ஒட்டடையும் விளக்கை நாடிப் போய்விடும், லென்ஸை மறைக்காது.

அப்புறம் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா வெளிச்சத்தை வாங்கும் நேரம். பெரும்பாலானோர் தொடாமல் விடுவது இதைத்தான். இருட்டானதும் கேமரா தானாகவே ஷட்டரை மெதுவாக்கும். நிற்கும் தென்னைமரம் பளிச்சென்று தெரியும், நடக்கும் ஆள் கலைந்துவிடுவார். சாதாரண நடையில் ஒருவர் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார். ஷட்டர் ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால் அதற்குள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. நொடியில் 100-இல் ஒரு பங்கு (1/100) என்று நிலையாக வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கொளி மினுக்குவதும் குறையும். படம் கொஞ்சம் இருட்டும், பரவாயில்லை. ஷட்டரைக் கையால் மாற்ற முடியாத கேமராவை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். இருட்டில் வரும் புள்ளிகளை நீக்கப்போய்ப் படத்தையே மெழுகிவிடும் இரைச்சல் குறைப்பையும் (நாய்ஸ் ரிடக்ஷன்) நடுவுக்குக் கீழே இறக்குங்கள்.

உயரத்தில் மாட்டினால் பத்திரம் என்று பத்தடிக்கு மேல் ஏற்றுவார்கள். அங்கிருந்து தெரிவது உச்சந்தலையும் தொப்பியும்தான். என்னுடையது ஏழரை அடியில் இருக்கிறது. கைக்கு எட்டுகிறதே என்று கவலைப்பட்டால் பழைய கேமரா ஒன்றை அதைப் பார்க்கிற மாதிரி திருப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டு வாசலோ திண்ணையோ படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது அவர்கள் இடம்.

பதிவைச் சுருக்கிக் கெடுத்துவிடக் கூடாது. எச் 265 என்ற சுருக்கு முறையில் நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளுக்கு 43 ஜிபி ஆகும், ஒரு டிபி டிஸ்க் மூன்று வாரம் தாங்கும்.

எல்லாம் மாட்டியதும் நிறுவ வந்தவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். இருட்டட்டும். நான் மச்சான் மகனை உருமால் கட்டச் சொல்லி, படலைத் திறந்து வேக நடையில் உள்ளே வரவைத்தேன். நேரலையைப் பார்க்கவில்லை, பதிவிலிருந்து ஒரு காட்சியை நிறுத்தி எடுத்து, அவன் யாரென்றே தெரியாத பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் போனில் காட்டினேன். மறுநாள் சந்தையில் அவனைப் பார்த்தவர், "நேத்து நீங்க காட்டுனது இந்தப் பையனைத்தானுங்களே?" என்று கேட்டார். அதற்கப்புறம்தான் நிறுவியவருக்குப் பாக்கிப் பணத்தைக் கொடுத்தேன்.