வேலை நேரத்தில் ஜமாஅத்: முதலில் நிமிடத்தை எண்ணுங்கள்

வேலையில் சேர்ந்ததிலிருந்து ஜமாஅத்தே (சேர்ந்து தொழும் கூட்டுத் தொழுகை) கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த வக்து (தொழுகை வேளை) என்பதுதான். பகல் வேலை பார்ப்பவருக்கு ஃபஜ்ரும் (விடியற்காலைத் தொழுகை) இஷாவும் (இரவுத் தொழுகை) பெரும்பாலும் ஆபீஸ் நேரத்துக்கு வெளியே வருகின்றன, இந்த இரண்டையும் நம்மிடமிருந்து பிடுங்குவது தூக்கமும் போனும்தான், மேனேஜர் பாவம். இஷாவை ஜமாஅத்தாகத் தொழுதவர் பாதி இரவு நின்று வணங்கியவரைப் போல, ஃபஜ்ரையும் ஜமாஅத்தாகத் தொழுதவர் முழு இரவும் வணங்கியவரைப் போல என்று நபித்தோழர் உஸ்மான் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) முஸ்லிம் என்ற தொகுப்பில் இருக்கிறது. அதனால் இந்த இரண்டையும் முதலில் கைக்குள் கொண்டு வாருங்கள். வேலையோடு நிஜமாக மோதுவது லுஹரும் (மதியம்) அஸரும் (பிற்பகல்), பகல் குறுகிய மாதங்களில் மஃரிபும் (சூரியன் மறைந்ததும்). பிரச்சினையின் அளவு இவ்வளவுதான்.

அடுத்து, ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்து அளந்துவிடுங்கள். சீட்டிலிருந்து எழுந்த நொடி முதல் திரும்ப உட்காரும் நொடி வரை. நான் அளந்தபோது போக 6 நிமிடம், தொழுகை 8, வர 6, ஆக 20 இருக்க வேண்டும், ஆனால் 31 ஆகியிருந்தது. மீதி 11 நிமிடம் எங்கே போனது என்று பார்த்தால், உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்யும் இடத்தில் வரிசை, ஷூ லேஸ், ஈரக் காலில் ஒட்டிக்கொண்டு ஏறமாட்டேன் என்கிற சாக்ஸ், வாசலில் பார்த்தவரோடு நலம் விசாரிப்பு. உளூவை ஆபீஸிலேயே முடித்துக்கொண்டு, மேஜைக்கடியில் ஒரு செருப்பையும் சின்னத் துண்டையும் வைத்த பிறகு 21 நிமிடத்தில் சீட்டுக்குத் திரும்ப முடிந்தது. காலையில் செய்த உளூ லுஹர் வரை தாங்கினால் இன்னும் சுலபம். தோல் காலுறை அணிகிறவர் உளூவோடு அதைப் போட்டிருந்தால், ஊரில் இருக்கும்போது ஒரு பகல் ஓர் இரவு வரை கால் கழுவாமல் மேலே மஸ்ஹு செய்யலாம் (ஈரக் கையால் தடவலாம்). ஆனால் மெல்லிய சாதாரண சாக்ஸுக்கு அந்தச் சலுகையைப் பெரும்பாலான அறிஞர்கள் தருவதில்லை.

கேலண்டரில் பாங்கு (தொழுகை அழைப்பு) நேரத்தைப் போடாமல் இகாமத் (ஜமாஅத் தொடங்கும் அறிவிப்பு) நேரத்தைப் போடுங்கள். போன் ஆப் காட்டுவது வக்து நுழையும் நேரம், ஜமாஅத் நிற்கும் நேரம் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் மாறும். மஃரிபில் பாங்குக்கும் இகாமத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு, பாங்கு கேட்ட பிறகு கிளம்பினால் கடைசி ரக்அத்துதான் (தொழுகையின் ஒரு சுற்று) கிடைக்கும். அஸரில் இன்னொரு விஷயம் உண்டு. உச்சிப் பொழுதின் நிழலை விட்டுவிட்டு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரம் அளவுக்கு நீண்டதும் ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) அஸர் வந்துவிடும், ஹனஃபி மத்ஹபில் இரண்டு மடங்கு நீள வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து, அவருடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் ஒரு மடங்கு என்றே சொன்னார்கள். அதாவது இரண்டு வகைப் பள்ளிவாசலும் எட்டும் தூரத்தில் இருந்தால் ஒரே அஸருக்கு இரண்டு ஜமாஅத் நேரம். முந்தியதில் சேரலாமா என்பதை உங்கள் ஹஸ்ரத்திடம் (ஆலிம், அதாவது மார்க்க அறிஞர்) ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜரிடம் பேசுவதில்தான் பலரும் சொதப்புகிறோம். முதல் வேலையில் நான் மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல், டீ குடிக்கப் போவது போல நைசாக நழுவி வந்து தொழுதேன். ஒரு நாள் முக்கியமான அழைப்பு வந்த நேரத்தில் ஆளைக் காணோம் என்று தேடியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது மேலதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: “சொல்லிவிட்டுப் போயிருந்தால் நானே அந்த அழைப்பைப் பத்து நிமிடம் தள்ளி வைத்திருப்பேனே?” சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றேன், பதில் இல்லை.

எனவே முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், எண்ணோடு சொல்லுங்கள். “தொழ வேண்டும், கொஞ்ச நேரம் ஆகும்” என்றால் கேட்பவருக்கு அது முடிவே இல்லாத நேரமாகத்தான் தெரியும். “மதிய இடைவேளையை 1.10க்கு எடுத்துக்கொள்கிறேன், 1.35க்கு சீட்டில் இருப்பேன். அஸருக்குப் பத்து நிமிடம், இங்கேயே தொழுதுகொள்வேன், மாலையில் பத்து நிமிடம் கூடுதலாக இருந்துவிடுகிறேன்” என்று கேளுங்கள். இதற்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவதும் நம் பொறுப்பு, 25 நிமிடம் என்று கேட்டு 45 எடுத்தால் அடுத்து வரும் முஸ்லிம் ஊழியருக்கும் சேர்த்துக் கதவை அடைக்கிறோம். கூலிக்கு அமர்ந்தவர் ஃபர்ளு (கடமையான தொழுகை) தொழும் நேரம் ஒப்பந்தத்தில் தனியாக எழுதாவிட்டாலும் விலக்கு என்று ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்கள் பேசுகின்றன, ஆனால் நஃபில் (உபரித் தொழுகை) அப்படி இல்லை, அதற்கு முதலாளியின் அனுமதி வேண்டும். ஃபர்ளு முடிந்ததும் பள்ளியில் உட்கார்ந்து போன் நோண்டுவது எந்த மத்ஹபிலும் இல்லை!

பள்ளிவாசல் எட்டாத தூரம் என்றால்? இரண்டு பேர் இருந்தால் ஜமாஅத். ஒருவர் இமாம், மற்றவர் அவருக்கு வலப்பக்கம். தனியே தொழுவதைவிட ஜமாஅத் 27 மடங்கு சிறந்தது என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பில் வருகிறது, 25 என்றும் வேறு அறிவிப்பு உண்டு. பள்ளிவாசலின் சிறப்பு தனி, அதற்காக ஆபீஸில் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகத் தொழ வேண்டுமா என்ன? யார் யார் தொழுகிறார்கள் என்று விசாரியுங்கள், பக்கத்துத் தளத்தில் ஒருவர் உங்களைப் போலவே தயங்கிக்கொண்டு இருப்பார். காலியான மீட்டிங் அறையைத் தினமும் ஒரே நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். மாடிப்படி, அவசர வழி, ஆள் நடக்கும் பாதை வேண்டாம்.

ஜமாஅத்தின் சட்டத்தை மத்ஹபுகள் வேறுவேறாகச் சொல்கின்றன. ஹன்பலி மத்ஹபில் ஆண்களுக்கு அது தனிநபர் கடமை, ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்துப்படி ஊரில் சிலர் நிறைவேற்றினால் போதும் என்கிற ஃபர்ளு கிஃபாயா, மாலிகியில் வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி), ஹனஃபியில் வாஜிப் (கட்டாயம்) அல்லது அதற்கு நெருக்கமான சுன்னத். எதைப் பின்பற்றினாலும் அலட்சியமாக விடலாம் என்று யாரும் சொல்லவில்லை, நியாயமான காரணம் இருந்தால் குற்றம் என்றும் சொல்லவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், விட்டுப் போனால் பொருள் பறிபோகும் என்று அஞ்சுபவர் ஆகியோரை ஃபிக்ஹு நூல்கள் பெயர் சொல்லியே விலக்குகின்றன, நர்ஸும் காவலாளியும் மனம் நொந்துகொள்ள வேண்டியதில்லை. முறை வைத்துக்கொண்டு பாதிப் பேர் முதலிலும் மீதிப் பேர் பிறகும் தொழுங்கள். அறுவை சிகிச்சை போல எழுந்து வரவே முடியாத வேலையில் இரண்டு வக்தைச் சேர்த்துத் தொழலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது, ஹனஃபிகள் ஹஜ்ஜில் அரஃபா, முஸ்தலிஃபா என்ற இடங்களைத் தவிர அனுமதிப்பதில்லை. ஆகவே அந்த ஷிஃப்ட் வருவதற்கு முன்பே ஆலிமிடம் கேட்டுவிடுங்கள்.

தாமதமாகிவிட்டால் ஓடாதீர்கள். இகாமத் கேட்டாலும் நிதானமாக நடந்து வந்து, கிடைத்ததைத் தொழுது விட்டதைப் பூர்த்தி செய்யும்படி நபி (ஸல்) சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இமாமோடு ருகூஃ (குனியும் நிலை) கிடைத்தால் அந்த ரக்அத் கிடைத்துவிட்டது. அதேபோல் பசியோடு இருக்கும்போது சாப்பாடு முன்னால் வந்துவிட்டால் முதலில் சாப்பிடச் சொல்லும் ஹதீஸும் உண்டு, அதைத் தினமும் சாக்காக்காமல் டிபன் டப்பாவைத் தொழுதுவிட்டு வந்து திறந்தால் சரி.

ஜும்ஆ (வெள்ளி மதியக் கூட்டுத் தொழுகை) மட்டும் வேறு கணக்கு. அதை மேஜை ஓரத்தில் தனியாகத் தொழ முடியாது, தவறினால் லுஹர்தான் தொழ வேண்டும். பாங்கு சொன்னதும் வியாபாரத்தை விட்டு வரும்படி சொல்லும் குர்ஆன் வசனமும் (62:9) முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி சொல்லும் வசனமும் (62:10) அடுத்தடுத்து இருக்கின்றன, ஆக திரும்பி வந்து வேலையைப் பார்ப்பதில் எந்த உறுத்தலும் வேண்டாம். வேலைக்குச் சேரும்போதே வெள்ளி மதியத்தைப் பேசி முடித்து, கேலண்டரில் வாரா வாரம் திரும்ப வரும்படி பூட்டிவிடுங்கள். குத்பா (ஜும்ஆ உரை) நேரத்தில் பக்கத்தில் பேசுபவரைப் பார்த்து “சும்மா இரு” என்பதே வீண் பேச்சு என்று ஹதீஸ் இருக்க, ஆபீஸ் குரூப்புக்குப் பதில் போடுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், வெளியே வரும்போது நேரப் பலகையைப் பாருங்கள். சூரியன் நகர நகர இகாமத் நேரமும் மாறும், போன வாரம் 4.45க்கு நின்ற அஸர் இந்த வாரம் 4.30க்கு நிற்கும். பலகையைப் போட்டோ எடுத்து, சீட்டுக்கு வந்ததும் அடுத்த வாரத்துக் கேலண்டரைத் திருத்துங்கள், இரண்டு நிமிட வேலை.