கம்பெனி சிஎஸ்ஆர் உதவியை நம்ம அயல்கூட்டம் எப்படி கேட்டு வாங்குறது

பாலக்காடு மாவட்டத்துல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் கேரளா அரசோட பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீல, அயல்கூட்டம்னு சொல்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் குழுவுல இருக்குற அக்கா தங்கச்சிங்களுக்குத்தான் இது. நம்ம பக்கத்து கஞ்சிக்கோட்டுல எத்தனையோ கம்பெனி இருக்கு, பெண்கள் முன்னேற்றத்துக்கு செலவு பண்ண சிஎஸ்ஆர் பணமும் (சமூகப் பொறுப்புக்குன்னு கம்பெனி ஒதுக்குற பணம்) வச்சிருக்காங்க, ஆனா யாரப் பாக்குறது என்ன கேக்குறதுன்னு தெரியாமயே நம்மாளுங்க விட்டுடறாங்க.

2013 கம்பெனி சட்டம் 135வது பிரிவு இருக்குல்ல, அதுப்படி நிகர லாபம் 5 கோடி, இல்ல டர்ன்ஓவர் 1000 கோடி, இல்ல நிகர மதிப்பு 500 கோடின்னு ஏதாவது ஒண்ணு தொட்ட, இல்ல தாண்டுன கம்பெனி, முந்தின 3 வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணணும். அதுல தொழிற்சாலை இருக்குற ஏரியாவுக்கு முன்னுரிமைன்னு சட்டத்துலயே போட்டிருக்கு. அதனால கூச்சமே வேண்டாம், தைரியமா கேளுங்க.

கம்பெனி வெப்சைட்ல சிஎஸ்ஆர் பாலிசியும் என்னென்ன திட்டம்னும் போட்டிருக்கணும், வீட்ல காலேஜ் படிக்கிற புள்ள இருந்தா எடுத்து படிக்கச் சொல்லுங்க. படிப்பு, ஆஸ்பத்திரின்னு மட்டும் பண்றவங்ககிட்ட மசாலா மிஷின் கேட்டா நேரம்தான் வீண். ஏப்ரல்ல புது கணக்கு வருஷம் ஆரம்பிக்கறதால ஜனவரி பிப்ரவரிலயே போய்ப் பாத்துடுங்க.

லெட்டர் ஒரே பக்கம் போதும். "எங்களுக்கு உதவுங்க"ன்னு எழுதாதீங்க. 14 பேர் இருக்கோம், மொளகாப்பொடி இடிச்சு விக்கிறோம், பாக்கெட் ஒட்டுற சீலிங் மிஷின் இல்லாததால கடைக்காரர் எடுக்க மாட்டேங்கறார், மிஷின் விலை இவ்வளவு, கொட்டேஷன் கூட வச்சிருக்கோம், இப்படி எழுதணும். கூடவே மினிட்ஸ் புக், பேங்க் பாஸ்புக், உணவுப் பொருள் விக்கறதுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு காப்பி. இங்க ஆபீஸ்ல மலையாளமோ இங்கிலீஷோதான் ஓடும், குடும்பஸ்ரீயோட பஞ்சாயத்து அளவு அமைப்பான சிடிஎஸ்ல எழுதித் தர முடியுமான்னு கேளுங்க.

கம்பெனி நேரா மிஷின் வாங்கித் தரலாம், இல்ல ஒரு தொண்டு நிறுவனம் வழியா தரலாம். அப்படி வர்ற நிறுவனத்துக்கு, சிஎஸ்ஆர் வேலை எடுக்க அரசாங்கத்துல பதியுற சிஎஸ்ஆர்-1 பதிவு நம்பர் இருக்கான்னு கேளுங்க. பணம் வாங்கித் தர்றேன், முதல்ல ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுங்கன்னு எவனாவது சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க.

எனக்கு இதவிட முக்கியமா படறது ஆர்டர்தான். மிஷின் வந்தும் பொடி விக்கலன்னா என்ன பிரயோஜனம்? ஐநா ஆதரவோட 2010ல வந்த பெண்கள் அதிகாரமளித்தல் கோட்பாடுகள் ஏழுல அஞ்சாவதே இதுதான், பெண்கள் நடத்துற தொழில வளக்குற மாதிரி கம்பெனிங்க கொள்முதலும் இருக்கணும்னு. கோகோ கோலா கம்பெனி 5பை20னு ஒரு திட்டத்த அதே வருஷம் ஆரம்பிச்சதுகூட பழம் வெளைவிக்கிற, கடை வச்சிருக்குற பெண்கள மனசுல வச்சுத்தான். அதனால சிஎஸ்ஆர் ஆபீசரப் பாத்த கையோட பர்ச்சேஸ் மேனேஜரையும் பாத்து, கேன்டீனுக்கு மாசம் எத்தன கிலோ பொடி வேணும்னு கேளுங்க, அரை கிலோ சாம்பிள் கையோட கொண்டு போங்க, விலைய எழுதியே குடுத்துட்டு வாங்க.