டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் ஆண்கள் செய்யும் தவறுகள்

நாற்பதைத் தொட்ட ஆண். அசதி, ஆசைக் குறைவு, தொப்பை. 'ஃபுல் பாடி செக்கப்' எடுத்தால் டெஸ்டோஸ்டிரோன் 260 என்று கொட்டை எழுத்தில் வருகிறது. அன்று மாலையே மருந்துக்கடையிலோ ஜிம்மிலோ ஊசி விசாரிக்கிறார்கள். அவசரம் புரிகிறது. ஆனால் பருமனும் சர்க்கரையும் உள்ள ஆண்களில் பெரும்பாலோருக்கு அந்த எண் நோயின் காரணமாக இருப்பதில்லை. இடுப்பில் சேர்ந்த கொழுப்பின் விளைவாகவே இருக்கிறது.

ரத்தம் கொடுக்கும்போதே தவறுவது

டெஸ்டோஸ்டிரோன் அதிகாலையில் உச்சத்தில் இருக்கும்; மாலைக்குள் இறங்கிவிடும். எனவே காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்தாலே அளவு ஏறத்தாழ கால் பங்கு சரிகிறது. லேபில் சர்க்கரைக்காக இரண்டு முறை ரத்தம் எடுப்பார்கள் இல்லையா? சாப்பிடும் முன் எடுக்கும் முதல் ரத்தத்திலேயே டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்கச் சொல்லிவிடுங்கள். 'மறந்துவிட்டோம், இரண்டாவது ரத்தத்தில் போட்டுக்கொள்கிறோம்' என்றால் வேண்டாம், இன்னொரு நாள் வாருங்கள்.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது. வேறொரு நாள் காலையில் மறுபடி பார்த்து, இரண்டிலும் குறைவாக இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் 'குறைபாடு' என்ற சொல்லுக்கே இடம். அமெரிக்க சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் 2018-இல் வைத்த எல்லை டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். காய்ச்சல், அறுவை சிகிச்சை, மருத்துவமனை வாசம் ஆகியவற்றை ஒட்டி எடுத்த எண்ணை நம்பவே வேண்டாம். உடம்பு நோயோடு போராடும்போது இந்த ஹார்மோன் தானாகவே தாழ்ந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரை. 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் எடுப்பவர்களுக்குச் சில லேப் கருவிகள் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும், எல்.ஹெச். (விதையைத் தூண்டும் ஹார்மோன்), டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) போன்றவற்றைக் குறைத்தும் காட்டும். பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

அலகையும் பாருங்கள். ஒரு லேப் 346 என்று எழுதும், இன்னொன்று 12 என்று எழுதும். முதலாவது டெசிலிட்டருக்கு நானோகிராம், இரண்டாவது லிட்டருக்கு நானோமோல். இரண்டும் ஒரே அளவுதான். 28.84-ஆல் வகுத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று வரும்.

மொத்த அளவை மட்டும் பார்ப்பது

இதுதான் சர்க்கரையும் தொப்பையும் உள்ளவர்களை அதிகம் ஏமாற்றும் இடம். ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. அதில் இறுக்கமாகப் பிடித்துவைப்பது எஸ்.ஹெச்.பி.ஜி. என்ற புரதம். கட்டற்று இருக்கும் இரண்டு மூன்று சதவீதமே நேரே செல்லுக்குள் போகும். எஸ்.ஹெச்.பி.ஜி.யைத் தயாரிப்பது கல்லீரல். கல்லீரலில் கொழுப்பு படிந்து, இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்தால் அதன் உற்பத்தி குறைகிறது. பிடித்துவைக்கும் புரதம் குறைந்தால் மொத்த அளவும் குறைவாகத் தெரியும். வேலை செய்யும் பகுதியோ சரியாகவே இருக்கலாம்.

கணக்குப் போட்டால் விளங்கும். ஒருவருக்கு மொத்தம் 250, எஸ்.ஹெச்.பி.ஜி. 15. இன்னொருவருக்கு மொத்தம் 400, எஸ்.ஹெச்.பி.ஜி. 70. டெஸ்டோஸ்டிரோனை லேசாகப் பிடித்திருக்கும் ஆல்புமின் என்ற புரதம் இருவருக்கும் 4.3. கட்டற்ற பகுதியைக் கணக்கிடும் வெர்மியூலன் சூத்திரத்தில் போட்டால் முதலாமவரின் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் மில்லிலிட்டருக்குச் சுமார் 70 பைக்கோகிராம், இரண்டாமவருடையது சுமார் 48. 2010-இல் வெளியான ஐரோப்பிய ஆண்கள் முதுமை ஆய்வு இதற்குக் கண்ட எல்லை 64. ரிப்போர்ட்டில் 'குறைவு' என்று வந்தவர் எல்லைக்கு மேலே இருக்கிறார். 'நார்மல்' என்று வந்தவர் கீழே இருக்கிறார். ஆகவே மொத்த அளவு 200-க்கும் 400-க்கும் இடையில் இருந்தால் எஸ்.ஹெச்.பி.ஜி.யும் ஆல்புமினும் சேர்த்துப் பார்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.

கூடவே பிட்யூட்டரி சுரக்கும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களையும் பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.ஹெச். எகிறியிருந்தால் கோளாறு விதையில். எல்.ஹெச்.சும் ஏறாமல் கிடந்தால் மேலே, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் அல்லது அதற்கும் மேலே. பருமனால் வரும் குறைவு இந்த இரண்டாம் வகை.

குழந்தை வேண்டும் என்று இருக்கையில் ஊசி போடுவது

இவற்றில் மிகப் பெரிய தவறு இது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் மூளை எல்.ஹெச்.சையும் எஃப்.எஸ்.ஹெச்.சையும் நிறுத்திவிடுகிறது. விந்தணு உருவாக விதைக்குள்ளே ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் தேவை. ஊசி ரத்தத்தில் அளவை ஏற்றும், விதைக்குள் வற்றச் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட்டைக் கருத்தடையாகவே கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு விந்தணு பூஜ்யம். நிறுத்தினால் பலருக்கும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் திரும்பும், சிலருக்கு இரண்டு வருடம் வரை ஆகும். குழந்தைக்கு முயற்சி செய்பவருக்கு விதையையே சுரக்கத் தூண்டும் ஹெச்.சி.ஜி., குளோமிஃபீன் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அதை ஹார்மோன் மருத்துவரோ ஆண்மை நலம் பார்க்கும் சிறுநீரக மருத்துவரோ முடிவு செய்யட்டும்.

ஜிம்மில் கைமாறும் நாண்ட்ரோலோன், ஸ்டானோசோலால் போன்ற தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள் எல்லாம் இதே கதைதான். போதாக்குறைக்கு நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்.லை அதலபாதாளத்துக்குத் தள்ளும்.

ஈஸ்ட்ரோஜனை எதிரியாக நினைப்பது

தொப்பைக் கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ராடியால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். இதைக் கேட்டதுமே அந்த நொதியைத் தடுக்கும் அனஸ்ட்ரசோல் மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். 2013-இல் ஃபிங்கெல்ஸ்டீன் குழு அமெரிக்காவில் நடத்திய ஆய்வு இதற்கு நேரடி பதில் தந்தது. ஆண்களின் சொந்த ஹார்மோனை அடக்கி, டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்து, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜன் உண்டாவதைத் தடுத்தார்கள். தடுக்கப்பட்டவர்களுக்கே உடல் கொழுப்பு கூடியது, ஆசையும் மங்கியது. எலும்புக்கும் ஈஸ்ட்ராடியால் வேண்டும். மார்பு வீங்கி வலித்தால் மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகவே தடுப்பு மாத்திரை எடுக்காதீர்கள்.

இடுப்பையும் தூக்கத்தையும் விட்டுவிடுவது

தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அபாயம். பேன்ட் அளவை நம்பாதீர்கள், பலர் அதைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு டேப் வையுங்கள். எடை இறங்கினால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். உணவுக் கட்டுப்பாட்டில் மிதமாக ஏறும். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் அதைவிட நன்றாகவே ஏறும். ஆனால் பட்டினி கிடந்து வேகமாக இறக்குவது எதிர்விளைவு தரும். உணவே இல்லாத உடம்பு இனப்பெருக்க ஹார்மோன்களைத்தான் முதலில் குறைக்கும்.

இளைஞர்களை ஒரு வாரம் இரவு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தபோது பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் சரிந்தது. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலில் தூக்கம் சொக்குவது ஆகியவை இருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை. மூச்சுத்தடையைச் சரிசெய்யாமல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பித்தால் அது மோசமாகக்கூடும்.

சர்க்கரைக்கு மருந்தாக ஊசியை எண்ணுவது

ஆஸ்திரேலியாவில் 2021-இல் வெளியான ஆய்வில், இடுப்பு பெருத்த 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு இரண்டு வருடம் ஊசி கொடுத்தார்கள். முடிவில் சர்க்கரை நோய் அளவில் இருந்தவர்கள் ஊசிப் பிரிவில் 12 சதவீதம், மற்றதில் 21. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரு பிரிவினரும் எடைக்குறைப்புத் திட்டத்தில் இருந்தார்கள், அது இல்லாமல் ஊசி மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. ஊசி போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ரத்தம் தடித்து ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தொட்டது. ஆகவே மருத்துவர் சொல்லி ஊசி போடுபவரும் ஆரம்பத்திலும், மூன்று முதல் ஆறு மாதத்திலும், பிறகு வருடா வருடமும் ஹெமட்டோகிரிட் பார்த்தே ஆக வேண்டும். 54-ஐத் தாண்டினால் நிறுத்தம்தான். நாற்பதைக் கடந்தவர்கள் புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையையும் விடக் கூடாது. ஜெல் பூசுபவர்கள் கையைக் கழுவி, பூசிய இடத்தைத் துணியால் மூடிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். தோல் பட்டு மருந்து ஒட்டிக் குழந்தைகளுக்கு முன்கூட்டிய பருவ மாற்றங்கள் வந்திருக்கின்றன.

எல்லாவற்றையும் எடைமேல் போடுவது

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. 'எடையைக் குறை, சரியாகிவிடும்' என்று எல்லோரையும் திருப்பி அனுப்புவது. மொத்த அளவு 150-க்கும் கீழே, புரோலாக்டின் உயர்வு, ஓயாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை குறுகுவது - இவற்றில் ஒன்று இருந்தாலும் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். சின்னதாக, கெட்டியாக இருக்கும் விதைகள், உயர்ந்த எல்.ஹெச்., பிள்ளைப்பேறின்மை மூன்றும் சேர்ந்தால் கிளைன்ஃபெல்டர் (ஆணுக்குக் கூடுதல் எக்ஸ் குரோமோசோம் இருக்கும் பிறவிநிலை) இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனை. இவர்களில் பலருக்கும் தொப்பையும் சர்க்கரையும் இருக்கும், அதனாலேயே வருடக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறார்கள். நீண்ட நாள் டிரமடால் போன்ற வலிமாத்திரை, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து எடுப்பவர்கள் அந்தச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். குறைவுக்குக் காரணம் அதிலேயே இருக்கலாம். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரெட்னிசோலோனைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.