பழனி மலைத்தொடரின் கொடைக்கானலிலிருந்து மங்கலான நெபுலாக்களைப் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலவையோ வியாழனையோ படமெடுக்கும்போது நேரும் பிழை படத்திலேயே தெரிந்துவிடும். மங்கலான நெபுலாக்களிலும் (விண்வெளி வாயு, தூசி மேகங்கள்) வெடித்துச் சிதறிய விண்மீன்களின் மிச்சமான சூப்பர்நோவா எச்சங்களிலும் பிழை நேர்ந்தால் பொருளே பதிவாகாமல் விண்மீன்கள் மட்டும் மிஞ்சும். பலர் அதைத் தொலைநோக்கியின் குறையாக எண்ணிப் பெரிய கருவி வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள்.

கொடைக்கானல் ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால் துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு யூகலிப்டஸ் தோப்பு இருந்தாலே அது மறைந்துவிடும். விண்மீன்களின் நகர்வுக்கேற்பக் கேமராவைச் சுழற்றும் தாங்கியான மவுண்டின் அச்சு, அந்த நட்சத்திரத்தின் பக்கம்தான் நோக்க வேண்டும். அது மறைந்திருக்கும்போது திசைகாட்டியை நம்பி மவுண்டை நிறுத்துவது தவறு. விண்மீன்களின் நகர்வைப் பார்த்தோ மென்பொருளின் துணையுடனோ அச்சைத் திருத்த வேண்டும். சில மவுண்ட்களை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர் எடை ட்ரைபாட் காலில் இடிப்பதுமுண்டு என்பதால், இதை வீட்டிலேயே பகலில் சரிபார்த்துவிட்டு மலையேறுவது நல்லது.

அடுத்தது, இலக்குக்குப் பொருந்தாத கருவி. ரிஷப மண்டலத்தின் எல்லையில் உள்ள சிமெய்ஸ் 147 என்ற சூப்பர்நோவா எச்சம் ஏறக்குறைய 3 பாகை அகலமானது. அதாவது ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அளவு. நீண்ட குவியத்தொலைவுள்ள தொலைநோக்கியில் அதன் ஒரு மூலைதான் அகப்படும், 200 மி.மீ. லென்ஸிலோ முழுவதும் அடங்கும். அதன் ஒளியில் பெரும்பகுதி 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன் சிவப்பு. சாதாரண கேமராவின் உள் ஃபில்டர் அந்தச் சிவப்பின் பெரும்பங்கைத் தடுத்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஒரே இரவில் ஐந்தாறு பொருள்களைத் துரத்துவது. இரைச்சலோடு (படத்தில் தாறுமாறாகத் தோன்றும் புள்ளிகள்) ஒப்பிடுகையில் ஒளித்தகவல் இரு மடங்காக வேண்டுமானால் எக்ஸ்போஷர் நேரம் நான்கு மடங்காக வேண்டும் என்பதால், பிரித்துக் கொடுத்த நேரம் எந்தப் பொருளுக்கும் போதாது. ஒரு படத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று மனம் தளர்ந்து இலக்கை மாற்றுவதும் இதில் சேரும். சிமெய்ஸ் 147 ஒற்றைப் படத்தில் தெரியாமலிருப்பதுதான் இயல்பு.

பிப்ரவரி, மார்ச் இரவுகளில் வேலா என்ற சூப்பர்நோவா எச்சம் தெற்கே 35 பாகை உயரம் வரை வரும். ஐரோப்பியர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு இது. ஆனால் கொடைக்கானல் நகரிலிருந்து பார்த்தால் அதே திசையில்தான் பெரியகுளத்தின் விளக்குகள் இருக்கின்றன. பள்ளத்தாக்கை மூடுபனி போர்த்தினால் அவற்றின் ஒளி அடங்கும், ஆகவே கீழே மேகம் கிடக்கிறதென்று மூட்டை கட்ட வேண்டாம். லென்ஸில் பனி படிந்தபின் ஹீட்டரைத் தேடுவதிலும் பயனில்லை, மாலையிலேயே சுற்றிவிட வேண்டும்.

விடியற்காலைக் குளிரில் கேமராவைக் கழற்றிவிட்டு, ஃபிளாட் படங்களை (விளிம்பு இருட்டையும் தூசி நிழலையும் திருத்த, சீரான ஒளிப்பரப்பை எடுக்கும் படங்கள்) பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவோர் உண்டு. கேமரா சற்றே திரும்பினாலும் ஃபிளாட் பொருந்தாது. திருத்தப்படாத விளிம்பு இருட்டும் தூசி நிழலும், படத்தைப் பிரகாசமாக்கும்போது நெபுலாவைப் போலவே காட்சி தரும். பின்னணியைச் சமன்செய்யும் மென்பொருளைத் தானாக இயங்கவிட்டால், சட்டகம் முழுக்கப் பரவிய மெல்லிய ஒளியையும் வான்வெளிச்சம் என்று கருதித் துடைத்துவிடும். கூர்மையாக்கும் கருவிகள் இதற்கு நேர்மாறாக, இரைச்சலிலிருந்தே இல்லாத இழைகளைப் பின்னித் தருகின்றன. ஐயம் எழுந்தால் எடுத்த படங்களை இரு பாதிகளாகப் பிரித்துத் தனித்தனியே ஸ்டாக் செய்து (ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கி) பாருங்கள். ஒரு பாதியில் மட்டும் தெரியும் இழையை நம்பக் கூடாது.