கத்தி யார் கையில்? சர்ஜன்களுக்குப் பயிற்சி கொடுக்க வெளிநாடு போகிறவர்களின் தவறுகள்

தான்சானியாவின் தெற்கு மலைநாட்டில் ஒரு மருத்துவமனைக்குப் பயிற்சி கொடுக்க வருடா வருடம் போய் வருகிறேன். இந்த முறை இரண்டு இளம் சர்ஜன்கள் முதல்முறையாக என்னோடு வந்திருந்தார்கள். முதல் நாள் காலை ஆபரேஷன் தியேட்டர் பலகையில் ஆறு கேஸ். ஆறுக்கும் எதிரே இவர்கள் பெயர்தான். உள்ளூர் பயிற்சி மருத்துவர்கள் அசிஸ்டென்ட். பத்து வருடம் முன்னால் அதே பலகையில் என் பெயரும் அப்படித்தான் இருந்தது. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பழுதான கருவியைத் தானம் கொடுக்காதீர்கள், அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலில் பதியாமல் கத்தியைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேஸ் எண்ணுவது

உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான அறுவை சிகிச்சை எட்டவில்லை, வருடத்துக்கு இன்னும் 14.3 கோடி அறுவை சிகிச்சைகள் தேவை என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் சொன்னது. இதைப் படித்துவிட்டு விமானம் ஏறுகிறவருக்கு, முடிந்தவரை நாமே செய்து கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் தோன்றும். முதல் முறை எனக்கும் தோன்றியது. இரண்டு வாரத்தில் 41 கேஸ் முடித்தேன். அந்தத் தேவைக்கு முன்னால் அது கடலில் கரைத்த பெருங்காயம்.

அங்கே பயிற்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இதில் உள்ள நஷ்டம் புரியும். கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவான சர்ஜன்கள் கல்லூரி, கொசெக்சா, 1999இல் தொடங்கியது. தலைமையகம் அருஷாவில். வகுப்பறை என்று தனிக் கட்டடம் கிடையாது. அந்தந்த நாட்டு மருத்துவமனைகளிலேயே குறைந்தது ஐந்து வருடம் பழக வேண்டும். ஒவ்வொரு கேஸும் லாக்புக்கில் ஏற வேண்டும்: உதவினாரா, சீனியர் பக்கத்தில் நிற்கத் தானே செய்தாரா, தனியாகச் செய்தாரா. நான் இருந்த இரண்டு வாரமும் மூன்றாம் வருடப் பயிற்சி மருத்துவர் ஒருவரின் லாக்புக்கில் "உதவி" மட்டுமே ஏறியது. அதோடு போகவில்லை. நாங்கள் வருகிறோம் என்று இரண்டு மாதமாகத் தைராய்டு (கழுத்துக் கழலை) கேஸ்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவற்றையும் அவர் இழந்திருந்தார்.

கடைசி நாள் மதியம் பெரிய கழுத்துக் கழலை ஒன்றை எடுத்தேன். மாலையில் கிளம்பிவிட்டேன். நள்ளிரவில் அந்த அம்மாவுக்குக் கழுத்து வீங்கி மூச்சு இழுத்திருக்கிறது. பயிற்சி மருத்துவர் கட்டிலிலேயே கத்தரியால் தையல்களை வெட்டி, உறைந்த ரத்தத்தை விரலால் வழித்து எடுத்து, தியேட்டருக்குக் கொண்டு போயிருக்கிறார். தைராய்டின் மேல்முனை ரத்தக்குழாயை அதுவரை அவர் ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கருவி) பிடித்த பக்கத்திலிருந்துதான் பார்த்திருந்தார். அந்த அம்மா பிழைத்தார். மறுநாள் அந்தப் பயிற்சி மருத்துவரிடமிருந்து எனக்கு வந்த செய்தியில் குறை எதுவும் இல்லை. "டாக்டர், அடுத்த முறை ஒரு பக்கத்தையாவது எனக்கு விடுங்கள்" என்று மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. தைராய்டுக்கு இரண்டு பக்கம். இடது பக்கம் நான், வலது பக்கம் அவர். அடுத்த கேஸில் இரண்டு பக்கமும் அவர், ரிட்ராக்டர் நான். ஒன்றரை மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும், நாளுக்கு நாலு கேஸ் இரண்டாகும். ஆகட்டும். அங்குள்ள தியேட்டர் நர்ஸ் "போலே போலே" என்பார், சுவாஹிலியில் மெதுவாக மெதுவாக என்று அர்த்தம். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது நம் ஆட்கள் பாதியில் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கேட்டால்தான்: "கொடுங்க, நான் முடிச்சுடறேன்." எந்தக் கட்டத்தில் கத்தியைத் திரும்ப வாங்குவீர்கள் என்பதை கை கழுவும்போதே பேசி வையுங்கள். ரத்தம் நிற்கவில்லை, குரல் நரம்பு தெரியவில்லை என்றால் வாங்கலாம். நேரமாகிறது என்பதற்காக வாங்கக் கூடாது. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள் பெரிய கேஸே வேண்டாம்.

சர்ஜனை மட்டும் பழக்குவது

மயக்க மருந்து கொடுப்பவர், தியேட்டர் நர்ஸ், கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பார்க்கும் ஆள், இவர்களில் ஒருவர் பழகாவிட்டாலும் சர்ஜன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லைக்கோ பயிற்சி நிலையம் மற்ற நாட்டு மருத்துவமனைகளோடு வேலை செய்யும்போது டாக்டரோடு நிர்வாகியையும் சேர்த்து உட்கார வைக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் நான் மயக்க மருந்து நிபுணர் ஒருவரையும் கூட்டிப் போக ஆரம்பித்தேன்.

ஸ்டேப்ளர்

குடலை இணைக்கும் ஸ்டேப்ளரைக் கொண்டு போகாதீர்கள். குடலைக் கையால் தைத்துக் காட்டுங்கள்.

இங்கே வரவழைத்துப் பழக்குவது

வந்தவர் பெரும்பாலும் வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அந்த வட்டாரத்திலேயே 1974 முதல் 2013 வரை பயின்று முடித்த ஆயிரத்துச் சொச்சம் சர்ஜன்களில் சுமார் 85 சதவீதம் பேர் படித்த நாட்டிலேயே வேலை செய்வதாக ஒரு கணக்கெடுப்பு காட்டியது. டிக்கெட் செலவை நீங்கள் அங்கே போவதற்கு வையுங்கள்.

வருடத்துக்கு ஒரு ஊர்

அயர்லாந்தின் ராயல் சர்ஜன்கள் கல்லூரி 2007 முதல் கொசெக்சாவோடு விடாமல் கூட்டு வைத்திருக்கிறது. நாமும் ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருடத் தேதியைக் கிளம்பும் முன்பே குறித்துவிடுங்கள். நாங்கள் குறித்தாயிற்று. எங்களுக்காகத் தைராய்டு கேஸ் எதையும் நிறுத்தி வைக்க வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று.