பின் ஸ்பீக்கர் பேசிய கதை

யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டில் 5.1 ஸ்பீக்கர் செட்டை (ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்) மாட்டினேன். முன்னால் இருக்கும் இரண்டும் பாடின. பின்னால் இருப்பவை ஊமை. வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போனது. வயரில் குறையில்லை. விண்டோஸ் அந்தக் கார்டை வெறும் ஸ்டீரியோவாக, அதாவது இடது, வலது என இரண்டே தடமாக எடுத்துக்கொண்டிருந்தது. சவுண்ட் செட்டிங்ஸின் பிளேபேக் பகுதியில் கார்டைத் தேர்ந்தெடுத்து, கான்ஃபிகர் பொத்தானை அமுக்கி 5.1 என்று மாற்றினேன். அங்கேயே டெஸ்ட் இருக்கிறது; ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலித்துக் காட்டும்.

அப்புறம் இன்னொரு கூத்து. சென்டர் ஸ்பீக்கரின் முறை வந்தபோது சப்வூஃபர் முனகியது! கார்டின் ஆரஞ்சு ஜாக் ஒன்றிலேயே இரண்டுக்குமான ஒலி வருகிறது. ஆம்ப்ளிஃபயர் பக்கம் அந்த வயரின் சிவப்பு, வெள்ளை பின்களை இடம் மாற்றிச் செருகினேன். வசனம் சென்டருக்கு வந்துவிட்டது. ஸ்டீரியோ பாட்டுக்குப் பின் ஸ்பீக்கர்கள் இன்னமும் வாய் திறப்பதில்லை. சரி, பாட்டில் இருப்பதே இரண்டு தடம்; அதற்குக் கார்டைத் திட்டிப் பயனில்லை.